முன்னவர் நட்ட தூண்கள்

நமது அறையின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு படம் இருக்கிறது. உரோமையில் பயின்றுகொண்டிருந்த இளங்குரு ஒருவர் நகலெடுத்துத் தந்தது. வானை நோக்கி எழுந்து நிற்கும் பெருந்தூண்கள். அவற்றை இணைக்கும் வளைவுகள். வளைவுகளின் முதுகில் புல்லும் புதரும். மேலே கூரை இல்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் கையொப்பம் வாங்க வந்த நம் உபதேசியார் ஒருநாள் அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது எந்த ஊர்க் கோட்டை சாமி? இப்படி இடிஞ்சு கெடக்கே!” என்றார்.

அது கோட்டையன்று, இடிந்ததும் அன்று. 1530-களில் உரோமைக்கு வந்த ஹீம்ஸ்கெர்க் என்னும் நெதர்லாந்து நாட்டு ஓவியர் கண்ணாரக் கண்டு வரைந்த புனித பேதுரு பேராலயம் அது. கட்டத் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆனபின் அது நின்ற கோலம் அப்படி. இதை நாம் விளக்கியபோதும் உபதேசியாருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. சன்னல் வழியே வெளியே பார்த்தார். அங்கே நம் பங்கின் புதிய கோயில் தூண் மட்டத்தோடு நிற்கிறது. தூண்களின் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் காகம் கூடு கட்டியிருக்கிறது. “அப்ப நம்ம கோயிலையும் ஒரு படம் வரஞ்சு வச்சிரலாம் சாமி” என்று சொல்லிச் சிரித்தார். நமக்கும் சிரிப்பு வந்தது. ஆயினும் அவர் அறியாத ஒன்று மேசை இழுப்பறையில் இருந்தது. அன்று காலையில்தான் ஆயர் இல்லத்திலிருந்து மாற்றல் கடிதம் வந்திருந்தது.

ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் தொடர்வது குருக்களின் வாழ்வில் புதுமையன்று. ஐந்தாறு ஆண்டுகளுக்கொருமுறை பெட்டியைக் கட்டுவது நமக்குப் பழகிப் போனதே. எனினும் அன்றிரவு உறக்கம் வராமல் அந்தப் படத்தின்முன் அமர்ந்திருந்தபோது, அதிலுள்ள தூண்களின் கதை நமது கதைபோலவே தோன்றலாயிற்று. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பேரரசர் கான்ஸ்தாந்தீன் நான்காம் நூற்றாண்டில் புனித பேதுருவின் கல்லறைமீது எழுப்பிய பழைய பேராலயம், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளை நெருங்கிய காலத்தில் சுவர் சாய்ந்து நின்றது. திருத்தந்தை இரண்டாம் ஜூலியுஸ் பழையதைத் தாங்குகொடுத்துக் காத்துக்கொண்டிருக்கும் இயல்பினர் அல்லர். புதியதொன்றை எழுப்பத் துணிந்து, 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று அடிக்கல் நாட்டினார். அவர் தேர்ந்துகொண்ட கட்டடக் கலைஞர் தொனாத்தோ பிரமாந்தே, அறுபதைத் தாண்டியவர். தம் வாழ்நாள் குறுகியது என்பதை இருவருமே அறிந்திருந்தார்கள் போலும், அத்தனை வேகம்! பழைய பேராலயத்தின் தொன்மையான பளிங்குத் தூண்களைப் பதமாக இறக்கிக் காப்பாற்ற வழியிருந்தும், அவற்றை உடைபட வீழ்த்தினார் பிரமாந்தே. செங்கல்மீது செங்கல் வைப்பது எளிது, அப்படியொரு தூணைச் செய்வதன்றோ அரிது என்று மைக்கேல் ஆஞ்சலோ முறையிட்டதாக, அவரது வரலாற்றை அவர் வாழ்நாளிலேயே எழுதிய கொந்திவி குறிப்பிடுகிறார். பிரமாந்தேக்கு ‘இடிப்பு ஆசான்’ என்ற பட்டப்பெயரும் உரோமையில் வழங்கியது. அவர் இறந்தபின் 1517-இல் வெளிவந்த நையாண்டி நூலொன்று, விண்ணக வாயிலில் புனித பேதுரு அவரை மடக்கிக் கேள்வி கேட்பதாகவும், அவரோ சற்றும் அஞ்சாமல் விண்ணகத்தையே இடித்துப் புதிதாகக் கட்டித்தர முன்வருவதாகவும் கற்பனை செய்தது. இக்கதையைக் குருக்களின் தியானத்தில் யாரேனும் சொன்னால் நாம் வாய்விட்டுச் சிரிப்போம்; பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

ஒன்றில் மட்டும் பிரமாந்தேயால் வெல்ல முடியவில்லை. கோயிலின் முகம் அருகிலிருந்த எகிப்தியக் கற்கம்பத்தை நோக்கி அமைந்தால் அழகு கூடும் என்றும், அதற்காகத் திருத்தூதரின் கல்லறையைச் சற்றே இடம் மாற்றலாம் என்றும் அவர் கருத்துரைத்தாராம். எதையும் இடிக்க இசைந்த ஜூலியுஸ், இதற்கு இசையவில்லை. கல்லறை இருந்த இடத்திலேயே இருக்கும். கோயில்தான் அதற்கேற்ப அமைய வேண்டும் என்று விட்டார். 1513-இல் திருத்தந்தையும் 1514-இல் பிரமாந்தேயும் மறைந்தனர். எஞ்சியவை பெரும்பாலும் அந்த நான்கு தூண்களும் அவற்றின் வளைவுகளுமே. ஆனால் அவை போதும். பின்னர் வந்த எவரும் அவற்றை அகற்றவில்லை. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் குவிமாடத்தின் அகலம் எவ்வளவு என்பதை 1514-க்கு முன்பே அத்தூண்கள் முடிவு செய்துவிட்டன.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை நம் கத்தோலிக்க ஏடுகள் மெல்லக் கடந்து போவதுண்டு. நாம் அப்படிக் கடக்க விரும்பவில்லை. பேராலயத் திருப்பணிக்குக் காணிக்கை தருவோர்க்குப் பரிபூரணப் பலன் அளிக்கப்பட்டது. பத்தாம் லியோவின் காலத்தில், 1515-க்குப் பின், ஜெர்மன் நாட்டில் அது ஏறக்குறைய வணிகமாகவே நடந்தது. திரட்டிய தொகையில் பாதி, மைன்ஸ் நகரப் பேராயர் வட்டிக் கடையில் பட்ட கடனை அடைக்கப் போயிற்று. 1517-இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய தொண்ணூற்றைந்து கருத்துரைகளுள் இக்கோயிலைப் பெயர் சொல்லியே கேட்ட கேள்விகள் உண்டு. செல்வம் மிக்க திருத்தந்தை தம் பணத்தில் கட்டாமல் ஏழைகளின் பணத்தில் ஏன் கட்ட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கிறிஸ்தவ உலகின் மாபெரும் கோயில் எழத் தொடங்கிய வேளையிலேயே கிறிஸ்தவ உலகு பிளந்தது. லூத்தரை எழுப்பியது அந்த ஒரு கோயில் மட்டுமே என்று சொல்வது மிகை. ஆனாலும் அந்தக் கற்களில் அந்தக் கேள்வியும் சேர்ந்தே இருக்கிறது.

பிறரைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை. நம் புதிய கோயிலுக்குத் தலைக்கட்டு வரி விதித்தோம். கான்கிரீட் போடும் நாள் நெருங்கியும் வரி சேரவில்லை. பங்குப் பேரவையில் எழுந்த யோசனைக்கு இணங்கி, வரி கட்டாதோர் பெயர்களை ஒரு ஞாயிறு திருப்பலியின் முடிவில் நாமே ஒலிபெருக்கியில் வாசித்தோம். அடுத்த ஞாயிறு மூன்று குடும்பங்கள் வரவில்லை. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டோம். இரண்டு குடும்பங்கள் திரும்பின. மூன்றாவது வீட்டில் நமக்கு நாற்காலி போட்டுத் தேநீரும் கொடுத்தார்கள். கோயிலுக்கு மட்டும் இன்றுவரை வரவில்லை. அவர்கள் வரி முழுவதையும் மறுநாளே அனுப்பிவிட்டதுதான் நம்மை இன்னும் உறுத்துகிறது.

பிரமாந்தேக்குப் பின் பணியேற்றவர்களின் வரிசை நீண்டது. ஓவிய மேதை ரஃபேல் வந்தார், திட்டத்தை மாற்றினார், 1520-இல் முப்பத்தேழாம் வயதில் இறந்தார். பெருத்சி வந்து மீண்டும் மாற்றினார். 1527-இல் உரோமை சூறையாடப்பட்டது, வேலை நின்றது, வளைவுகளில் புல் முளைத்தது. அதுதான் நமது மேசைக் கண்ணாடிக்கு அடியிலுள்ள காட்சி. அதன்பின் அந்தோனியோ த சங்கால்லோ தமது திட்டத்தை மரத்தில் மாதிரியாகச் செய்வித்தார். ஏழு ஆண்டுகள் உழைத்துச் செய்த அம்மாதிரி ஏழு மீட்டருக்கும் மேலான நீளமுடையது, உள்ளே ஆள் நடக்கலாம், இன்றும் இருக்கிறது. அதற்கான செலவில் ஒரு சிறு கோயிலே கட்டியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. அவரும் 1546-இல் இறந்தார்.

வந்தவர் ஒவ்வொருவரும் முன்னவரின் திட்டத்தை மாற்றியதை வாசிக்கும்போதெல்லாம், நமது முதற்பங்கு நினைவுக்கு வரும். நமக்கு முன்னிருந்த முதியவரான பங்குத்தந்தை, கடற்கரையிலிருந்து சிப்பியும் கல்லும் வண்டியில் கொணர்ந்து, தம் கையாலேயே சாந்து குழைத்துக் கோயில் முற்றத்தில் ஒரு லூர்து கெபி கட்டியிருந்தார். அழகிய வேலை என்று சொல்ல முடியாது. தேர் திரும்ப அது இடைஞ்சல் என்றார்கள் இளைஞர்கள். நாமும் இளைஞரே. பதவியேற்ற ஆறாம் மாதம் இடித்தோம். அடுத்த திருவிழாவுக்கு ஓய்வு இல்லத்திலிருந்து அவரை அழைத்திருந்தோம். அவர் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் பார்த்தால், கெபி இருந்த வெற்றுத் தரையை நோக்கி நின்றவாறே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று மணிகளும் முடியும்வரை நாம் தொலைவில் நின்றோம். அருகே போகத் துணிவில்லை.

சங்கால்லோ இறந்ததும் திருத்தந்தை மூன்றாம் பவுல் மைக்கேல் ஆஞ்சலோவை அழைத்தார். அவருக்கு வயது எழுபத்தொன்று. கட்டடம் தம் தொழிலன்று என மறுத்துப் பார்த்தார், திருத்தந்தை விடவில்லை. ஏற்றுக்கொண்டபின், ஊதியம் வேண்டா, இறைவன்பால் கொண்ட அன்புக்காகவே செய்கிறேன் என்று உறுதியாக நின்றார். சங்கால்லோவின் மாதிரிக்கு நாலாயிரம் பொற்காசுகளுக்குமேல் ஆயிற்று. மைக்கேல் ஆஞ்சலோ பதினைந்து நாளில் இருபத்தைந்து காசில் தம் மாதிரியைச் செய்துவிட்டார் என்கிறார் வசாரி. வசாரி அவருடைய நண்பர்; சற்று மிகைப்படுத்தியிருக்கலாம்.

இங்கேதான் நாம் வியந்து நிற்கும் ஒன்று நிகழ்ந்தது. மைக்கேல் ஆஞ்சலோவுக்குப் பிரமாந்தேயின்மீது தீராத மனக்கசப்பு உண்டு. ஜூலியுஸின் கல்லறைச் சிற்பப் பணி தம் கைவிட்டுப் போனதற்குப் பிரமாந்தேயின் பொறாமையே காரணம் என்று அவர் முதுமையிலும் எழுதியிருக்கிறார். இடிப்பு வேலையைப் பழித்தவரும் அவரே. அத்தகையவர் இப்போது தூண்களின் நடுவே நின்று பழைய வரைபடத்தைப் பார்த்தார். பிறகு எழுதிய கடிதமொன்றில், பிரமாந்தே பண்டைக் காலம் முதல் இருந்த எவருக்கும் குறையாத கலைஞர் என்றும், அவருடைய திட்டம் தெளிவும் ஒளியும் உடையது என்றும், அதை விட்டு விலகியவர் உண்மையை விட்டே விலகினார் என்றும் ஒப்புக்கொண்டார். செத்துப்போன பகைவரைப் புகழ்வது எளிது என்பார் உளர். பகைவரின் திட்டத்துக்காகத் தம் கடைசிப் பதினேழு ஆண்டுகளைக் கொடுப்பது எளிதன்று.

சங்கால்லோவை மட்டும் அவர் விடவில்லை. அவர் வெளிப்புறமாகச் சேர்த்த சுற்றுமண்டபம் கோயிலின் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அந்த இருட்டு மூலைகளில் கள்ள நாணயம் அடிப்பது முதலான எல்லாக் கேடும் நடக்கும். மாலையில் கதவடைக்கும் நேரம் உள்ளே ஒளிந்திருப்போரைத் தேடி வெளியேற்றவே இருபத்தைந்து பேர் வேண்டும் என்று அதே கடிதத்தில் எழுதினார். இரவில் கோயிலைப் பூட்டிப் பழகியவர்கள் மட்டுமே அறியக்கூடிய கவலை இது! சங்கால்லோ எழுப்பியிருந்த அந்தச் சுவர்ப் பகுதிகளை அவர் இடித்தார். ஆக, அவரும் இடித்தவர்தாம்.

அவரது முதுமையில் நடந்த ஒன்றை எண்ணும்போது நம் மனம் கரைகிறது. 1557-இல் ஒரு பக்கத்து வளைகூரையைப் பணி மேற்பார்வையாளர் மாதிரியைத் தவறாகப் புரிந்துகொண்டு கட்டிவிட்டார். பெரும்பகுதி முடிந்தபின்பே தவறு தெரிந்தது; கட்டியதைப் பிரிக்க வேண்டியதாயிற்று. எண்பத்திரண்டு வயது மைக்கேல் ஆஞ்சலோ, முதுமையால் தாம் அடிக்கடி பணியிடத்துக்குப் போக முடியாததே இதற்குக் காரணம் என்றும், வெட்கத்தாலும் துயரத்தாலும் ஒருவர் சாகக்கூடுமாயின் தாம் உயிரோடு இருக்க மாட்டார் என்றும் வசாரிக்கு எழுதினார். சொந்த ஊராகிய புளோரன்ஸின் கோமகன் அவரைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். போகவில்லை. பணி கெட்டுப் போகும் நிலையில் விட்டுப் போவது தமக்கு இழிவும் பாவமும் ஆகும் என்பது அவர் எண்ணம். நண்பர்களின் வற்புறுத்தலால், தமக்குப் பின் எவரும் குழம்பாதிருக்கக் குவிமாடத்துக்குப் பெரிய மரமாதிரி ஒன்றைச் செய்வித்தார். ஐந்து திருத்தந்தையரின் காலம் அப்பொறுப்பில் இருந்து, 1564 பிப்ரவரி 18 அன்று இறந்தார். குவிமாடத்தைத் தாங்கும் வட்டச்சுவர் மட்டும் எழுந்திருந்தது. குவிமாடத்தை அவர் காணவில்லை.

ஜாக்கொமோ தெல்லா போர்த்தா 1588-இல் தொடங்கி 1590-இல் அதை மூடினார். வளைவைச் சற்று உயர்த்தி மாற்றியும் விட்டார். நாம் வியக்கும் அந்த எடுப்பான தோற்றத்தில் அவருடைய பங்கும் உண்டு. ஆயினும் உலகம் அதை மைக்கேல் ஆஞ்சலோவின் குவிமாடம் என்றே சொல்கிறது. அவர் மறுத்து எழுதியதாகத் தெரியவில்லை.

பழைய பேராலயத்தின் கீழைப்பாதி அதுவரை இடிக்கப்படாமலே இருந்தது என்பதைப் பலர் அறியார். இடையில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, ஒருபுறம் கட்டட வேலையும் மறுபுறம் வழிபாடுமாகப் பல ஆண்டுகள் மக்கள் காத்திருந்தனர். கடைசியில் ஐந்தாம் பவுல் அதையும் இடிக்க ஆணையிட்டபோது கர்தினால் பரோனியுஸ் முதலானோர் வருந்தித் தடுத்தனர்; பயனில்லை. ஜாக்கொமோ கிரிமால்தி என்னும் ஆவணக் காப்பாளர் மட்டும் இடிபாட்டின் நடுவே அலைந்து, எந்தப் பீடம் எங்கே இருந்தது, எந்தக் கல்லறையில் யார் என்று படம் வரைந்து குறித்து வைத்தார். பழைய கோயிலைப் பற்றி இன்று அறியக் கிடப்பவற்றில் பெரும்பகுதி அவர் கைவண்ணமே. நமது சிப்பிக் கெபிக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை.

கார்லோ மதேர்னோ முன்மண்டபத்தை நீட்டி முகப்பை எழுப்பினார். அந்த நீட்சியால், சதுக்கத்தில் அருகே நிற்போருக்குக் குவிமாடம் சரிவரத் தெரியாமலே போயிற்று. முகப்பில் 1612 எனப் பொறித்த கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். திருத்தூதர் தலைவரின் மாட்சிக்காக என்று அது தொடங்குவது உண்மையே. ஆனால் நடுவாசலுக்கு நேர்மேலே வந்து அமர்வது பேதுருவின் பெயரன்று. பவுல் பொர்கேசே என்ற திருத்தந்தையின் பெயரே. 2025 யூபிலி ஆண்டுத் திருப்பயணத்தில் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, நம் மறைமாவட்டத்துச் சிற்றூர்க் கோயில்களின் சலவைக்கல் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்தன. ஆயர், பங்குத்தந்தை, பொறியாளர், நன்கொடையாளர், நாட்டாண்மை என வரிசை நீளும். கோயிலின் பாதுகாவலர் பெயரைத் தேட வேண்டியிருக்கும்.

1626 நவம்பர் 18 அன்று எட்டாம் உர்பான் பேராலயத்தை அர்ச்சித்தார். அடிக்கல்லிலிருந்து நூற்றிருபது ஆண்டுகள். பெர்னினி தூண்வரிசைகளைச் சதுக்கத்தின் இருபுறமும் கைகளைப்போல் விரித்தது அதற்கும் பிறகே, 1656-க்கும் 1667-க்கும் இடையில்.

கலைஞர் தாம் முடிக்கப்போவதில்லை என்று தெரிந்தே கட்டுவது பழங்காலத்தோடு முடிந்ததன்று. பார்சலோனாவில் திருக்குடும்பக் கோயிலை 1882-இல் தொடங்கியவர் வில்யார் என்பவர். கருத்து வேறுபாட்டால் அவர் விலக, அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற அந்தோனி கௌதி, முன்னவர் தொடங்கிய நிலவறைக் கோயிலை இடிக்காமல் முடித்து அதன்மேல் தம் கனவைக் கட்டினார். எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பாமல், கிறிஸ்து பிறப்பின் முகப்பு ஒன்றை மட்டும் உச்சிவரை உயர்த்த முனைந்தார். அதைக் கண்ட பிறகு அடுத்த தலைமுறை பணியைக் கைவிட மனம் கொள்ளாது என்பது அவர் கணக்கு. 1926 ஜூனில் டிராம் மோதி விழுந்தபோது, எளிய உடையைக் கண்டு பிச்சைக்காரர் என்றே எண்ணினார்கள். 1936 உள்நாட்டுப் போரில் அவர் விட்டுச்சென்ற மாதிரிகளை உடைத்துப் போட்டனர். பின்வந்தோர் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்துத் தொடர்ந்தனர். 2010-இல் பதினாறாம் பெனடிக்ட் அக்கோயிலை அர்ச்சித்தபோதும் கோபுரங்கள் முடியவில்லை.

சென்ற வியாழனன்று நமக்கு அடுத்து வரவிருக்கும் பங்குத்தந்தை பணியிடத்தைப் பார்க்க வந்தார். ஒரு காலத்தில் நம்மிடம் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்தவர், கணக்கில் கெட்டிக்காரர். அவருக்காக ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வைத்திருந்தோம்: அடித்தளத்தின் ஆழம், கம்பியின் கனம், எந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி, வராத அந்தக் குடும்பத்தின் வீடு எந்தத் தெருவில் என்பது வரை. அவர் புரட்டிப் பார்த்துவிட்டு நடந்து ஒரு சுற்று வந்தார். வரைபடத்தில் நாம் ஆசையோடு சேர்த்திருந்த இரண்டு பக்க மண்டபங்களின் அருகே நின்றார். “ஃபாதர், இந்த ரெண்டு மண்டபமும் வேண்டாமே. செலவை விடுங்க, உள்ள வெளிச்சமே வராதே” என்றார்.

மண்டபம் ஏன் வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஏழு காரணங்கள் இருந்தன. திருவிழாக் கூட்டம், மழை, வெயில், தாய்மாரும் கைக்குழந்தைகளும். ஒன்றைச் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டோம். மேற்குப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மண்டபம் எழ வேண்டிய இடத்தின் வழியாக வெயில் நேரே வந்து, பீடம் அமையவிருக்கும் தரையில் விழுந்து கிடந்தது. அதை அதுவரை நாம் கவனித்ததில்லை.

கல்வெட்டுக்குக் கல் சொல்லட்டுமா என்று உபதேசியார் இரண்டாம் முறையாகக் கேட்டார். வேண்டா என்றோம். வேலை மறுபடி தொடங்க எத்தனை மாதம் ஆகுமோ. அதற்குள் துருப்பிடிக்காதிருக்க, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசச் சொல்லியிருந்தோம். கொத்தனார் வாளியோடு ஏணியில் ஏறினார். காகக் கூட்டை மட்டும் ஒதுக்கிவிட்டு முதல் வரிசையை முடித்தார். பிறகு மேலிருந்தே குரல் கொடுத்தார்.

“பக்கத்து மண்டபத் தூணுக்கும் பூசவா சாமி?”

நாம் புதியவரைச் சுட்டிக்காட்டி, “ஃபாதர்கிட்டக் கேளுங்க” என்றோம்.